கடைசி வரை யாரும் பார்க்காத படம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கு என் மேலேயே நம்பிக்கை குறைவு. அடுப்பை அணைத்தேனா என்று பாதிப் படி இறங்கிவிட்டுத் திரும்ப மேலே ஏறுகிற ஆள் நான். அதனால் சந்தேகம் வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டேன். மிச்சமிருப்பது இவ்வளவுதான். இவ்வளவும் நடந்தது.

1994, அக்டோபர். இண்டியானாவில் கார்வெல் என்ற சின்ன ஊர். பகலில் வெர்ன் நடத்திய வீடியோ கடையில் எனக்கு வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் கணக்கியல் வகுப்பு. அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் கடையில் மற்ற படங்களைத் தொட ஆள் இருக்காது. மாதக் கடைசி ராத்திரி பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் வரை ஊரே பேய்ப் படம்தான் பார்க்கும். எதைப் பார்த்தாய், எது நிஜமாகவே பயம், எது வெறும் தக்காளிச் சாறு என்று முடிவெட்டும் கடையில், பள்ளி வாசலில், எங்கே நின்றாலும் அதே பேச்சு. வெர்ன் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார். தனக்குப் பிடித்த படத்தின் பெயரை யார் வேண்டுமானாலும் அதில் சாக்கட்டியால் எழுதலாம். அடுத்து வருகிறவர் பலகையைப் பார்த்துவிட்டுக் கேசட் கேட்பார்.

அந்த வருஷம் பலகையில் திரும்பத் திரும்ப ஒரே பெயர். 'இன்னும் ஒரு பிள்ளை.'

பக்கத்து ஊரில் மூடிப்போன ஒரு கடையிலிருந்து வெர்ன் பெட்டியோடு வாங்கிவந்த பழைய கேசட்டுகளில் ஒன்று அது. அட்டையில் படம் இல்லை. நடித்தவர் பெயர் இல்லை. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஹாலோவீன் ராத்திரி. ஒரு பெண் தனியாக சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மிட்டாய்க் கிண்ணம். அவள் முதுகை மட்டும்தான் நமக்குக் காட்டுவார்கள். கதவு தட்டும் சத்தம். எழுந்து போய்த் திறக்கிறாள். வேஷம் போட்ட மூன்று பிள்ளைகள். மிட்டாய் கொடுத்துவிட்டு வந்து உட்காருகிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். இந்த முறை ஒரே பிள்ளை. வந்து உட்காருகிறாள். மூன்றாவது முறையும் தட்டுகிறது. "இன்னும் ஒரு பிள்ளையா?" என்று தனக்குத்தானே கேட்டபடி எழுந்திருக்கிறாள்...

எல்லாரும் இதுவரைக்கும்தான் சொன்னார்கள். அப்புறம் என்ன என்று கேட்டால், "சொன்னா சுவாரசியம் போயிடும், நீயே பாரு" என்பார்கள்.

திரும்பி வரும் கேசட்டுகளை ரீவைண்ட் செய்து வைப்பது என் வேலை. பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே ரீவைண்ட் செய்துதான் கொண்டுவருவார்கள். எங்கள் ஊரில் அது ஒரு மரியாதை. ஆனால் இந்தக் கேசட் மட்டும் ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றபடியே வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்மா, பிள்ளைகள் இருக்கைக்கடியில் போடும் மிட்டாய்க் காகிதத்தைக்கூட விட்டுவைக்காதவர், அவரும் பாதியில்தான் கொண்டுவந்தார். கடை டிவியில் போட்டுப் பார்த்தேன். சோபாவிலிருந்து அந்தப் பெண் எழுந்திருக்கும் இடம். அடுத்தவர் கொண்டுவந்தபோதும் போட்டுப் பார்த்தேன். அதே இடம். அதற்கடுத்தவரும் அப்படியே, சொல்லிவைத்த மாதிரி.

டெல்மா மறுபடி கடைக்கு வந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"படம் எப்படி இருந்துச்சு, டெல்மா?"

"பிரமாதம்! பலகையில எழுதியிருக்கேனே, பாக்கலையா?"

"கடைசியில அந்தப் பொம்பளை என்ன ஆனா?"

கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

"அது... நடுவுல யாரோ எங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க, ரஸ். யாருன்னு கேட்டேன். பதிலே இல்ல. ஜன்னல்ல பாத்தா வாசல்ல ஒரு ஈ காக்கா இல்ல. அதோட படம் பாக்குற ஆசையே போயிடுச்சு."

"அப்ப முடிவு தெரியாது உங்களுக்கு."

"நீ பாத்துட்டு வந்து சொல்லேன்" என்று சிரித்தார். கையோ இன்னும் பைக்குள்ளேயே எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

முடிவெட்டும் ஓட்டிஸ் இன்னும் வெளிப்படையான ஆள். "தட்டினாங்கப்பா. எவன்டா அதுன்னு ஒரு அதட்டு போட்டேன். சத்தமே இல்ல. போயிட்டான் போல."

"பாதிதான் பாத்தீங்க. அப்புறம் எதுக்கு எல்லாரும் கண்டிப்பா பாக்கணும்னு எழுதினீங்க?"

கத்தரியை ஒரு நிமிஷம் நிறுத்தினார். "யாராச்சும் ஒருத்தர் முழுசா பாத்துட்டு வந்து சொல்லட்டும்னுதான். ஏன், தப்பா?"

அன்றைக்கு இரவே நான் அந்தக் கேசட்டை என் அறைக்கு எடுத்துப்போனேன்.

என் அறை ஒரு கார் ஷெட்டுக்கு மேலே. ஏறிவர வெளிப்புறமாக ஒரே ஒரு இரும்புப் படிக்கட்டு. பூனை ஏறினாலும் அது சத்தம் போடும். படத்தில் அந்தப் பெண் மூன்றாவது முறையாக எழுந்தாள். என் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. படிக்கட்டில் சத்தமே வரவில்லை. தட்டியது கதவின் கீழ்ப்பாதியில். என் இடுப்புக்கும் கீழே.

"யாரு?"

பதில் இல்லை. படத்தை நிறுத்தினேன். விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, கதவை மட்டும் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இரவும் தட்டியது. அதற்கு அடுத்த நாளும். குளிருக்கு மரக்கதவு இறுகுகிறது என்று ஒருநாள் சொல்லிக்கொண்டேன். தண்ணீர்க் குழாய் என்று ஒருநாள். யாரிடமாவது சொல்லலாம்தான். என்னவென்று சொல்வது? படம் பார்த்துப் பயந்துவிட்டான் பையன் என்று அடுத்த ஹாலோவீன் வரை சிரிப்பார்கள். கேசட்டை மட்டும் கல்லாவுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். கேட்டவர்களிடம் வெளியே போயிருக்கிறது என்றேன்.

என்னிடம் அதிகமாகக் கேட்டவள் என் அக்கா நோரீன்.

அப்பா அம்மா போனபின் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். அந்த மாத நடுவில், கூரை ஓரத்துக் குழாயில் அடைத்த இலையை வாரப்போய் ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். முழங்கால் வரை மாவுக்கட்டு. ஒரு கட்டையை ஊன்றித்தான் நடப்பாள். வெளியே போக முடியாததால் தினமும் ஒரு படம் கேட்டாள். நான்தான் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"டேய், நேத்து குடுத்தியே, அது பேய்ப் படமா, தாலாட்டா? பாதியில குறட்டை விட்டுட்டேன்."

"ரீவைண்ட் பண்ணியா?"

"அதுக்குத்தானே வெர்ன் உனக்குச் சம்பளம் குடுக்குறாரு." எந்தக் கேசட்டையும் அவள் வாழ்நாளில் ரீவைண்ட் செய்ததில்லை. "ஊரெல்லாம் பாத்தாச்சாமே ஒரு படம், அதை எடுத்துட்டு வா."

"அது வெளியில போயிருக்கு, அக்கா."

"பொய் சொல்றப்ப உன் குரல் எலி மாதிரி கீச்சுங்குது, தெரியுமா?"

ஹாலோவீன் திங்கட்கிழமை வந்தது. ஆறிலிருந்து எட்டு மணி வரை ஊரில் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போகும் நேரம். தெருக்களில் கார் வராமல் தடுப்பு வைத்துவிடுவார்கள். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கல்லாவுக்கு அடியில் கைவிட்டேன்.

கேசட் இல்லை.

"வெர்ன், இங்க ஒண்ணு வச்சிருந்தேனே?"

"அதுவா? நோரீன் மத்தியானம் போன் பண்ணா. சாப்பிட வீட்டுக்குப் போற வழியில குடுத்துட்டு வந்துட்டேன்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பாவம், பொழுது போகல அவளுக்கு. முழுசா பாக்கட்டுமே."

அப்போது கடைக்கதவு திறந்தது. தலையோடு வெள்ளைத் துணி போர்த்திய ஒரு சின்ன உருவம். "மிட்டாயா, வம்பா?" என்றது. வெர்ன் சிரித்துக்கொண்டே ஒரு கை மிட்டாயை அள்ளிப் போட்டார். யார் பிள்ளை நீ என்று கேட்கவில்லை. யாரும் கேட்கமாட்டார்கள்.

அங்கேதான் எனக்கு உறைத்தது.

டெல்மா யாரு என்று கேட்டார். ஓட்டிஸ் அதட்டினார். நானும் கேட்டேன். பதிலில்லை, அதனால் யாரும் திறக்கவில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு ராத்திரி, இந்த ஒரு ராத்திரி மட்டும், முகம் தெரியாத யார் தட்டினாலும் நாங்கள் ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறப்போம். சிரித்துக்கொண்டே திறப்போம்.

போனை எடுத்தேன். ஏழு ஐந்து. நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தாள்.

"அக்கா, படத்தை நிறுத்து."

"இப்பதாண்டா சூடு பிடிக்குது! ஒளிச்சு வச்சுட்டு நல்லவன் மாதிரி..."

"எந்த இடத்துல இருக்கு?"

"மூணாவது தடவை தட்டுறாங்க. அவ எந்திரிக்கிறா... ஏய், இரு. இங்கயும் யாரோ தட்டுறாங்க."

"திறக்காதே! யாருன்னு கேளு!"

"ஹாலோவீன் அன்னிக்கு யாருன்னு கேக்குறதா? உனக்கு என்ன பைத்தியமா? பிள்ளை குளிர்ல நிக்குது."

"அக்கா, நான் சொல்றதைக் கேளு..."

போனை மேஜை மேல் வைத்துவிட்டாள். துண்டிக்கவில்லை.

கட்டையின் சத்தம். டக்... டக்... டக்...

நான் கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவளுக்குக் கேட்கவில்லை.

தாழ்ப்பாள் சத்தம். கதவு.

"அடடா! நீ மட்டும் தனியாவா வந்தே?"

அமைதி.

"என்ன வேஷம் கண்ணு இது? ம்? சரி, எடுத்துக்கோ. இன்னும் ஒண்ணு எடுத்துக்கோ."

அமைதி.

"உள்ளயா?"

நீண்ட அமைதி...

"சரி... வா. குளிருதில்ல உனக்கு."

கதவு சாத்தும் சத்தம்.

கட்டைச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

வேறு சத்தம் வந்தது.

தப். தப். தப். தப்.

வெறுங்கால். சின்னக் கால். அவசரமில்லாமல்.

மேஜை பக்கம் வந்தது. நின்றது.

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

போன் வைக்கப்பட்டது.

நான் காரை எடுத்தேன். இரண்டாவது தெருவிலேயே தடுப்பு. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தெரு நிறையப் பிள்ளைகள். எலும்புக்கூடு, சூனியக்காரி, ஓநாய், தலையோடு துணி போர்த்தியவை. எல்லா வீட்டு வாசலிலும் விளக்கு. எல்லாக் கதவும் திறந்து திறந்து மூடின. ஒருவரும் ஒரு பெயரும் கேட்கவில்லை. இடித்துக்கொண்டு ஓடினேன். ஒரு தாய் என்னைத் திட்டினாள். எவ்வளவு ஓடியும் அக்கா வீட்டுத் தெரு வரவே இல்லை.

வந்தது.

வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய கட்டை வெளியே, கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்திருந்தது.

கதவு பூட்டவில்லை.

உள்ளே டிவி வெளிச்சம் மட்டும். சோபா. அவள் முதுகு. அசையவில்லை.

"அக்கா..."

திரும்பவில்லை.

விர்ர்ர்ர்... என்று ஒரு சத்தம். எனக்கு நன்றாகப் பழக்கமான சத்தம். கேசட் ரீவைண்ட் ஆகிற சத்தம். டக் என்று நின்றது.

அப்புறம்தான் திரும்பினாள். அவள் முகம்தான். அக்காவேதான்.

"என்னடா, நாய் துரத்தின மாதிரி ஓடி வந்திருக்கே?"

"யாரு வந்தது?"

"யாரும் வரலையே."

"கட்டை வெளியில இருக்கு. எப்படி சோபாவுக்கு வந்தே?"

மாவுக்கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். "தெரியலையே" என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள். பாதம் தரையில் பட்டதும் வலி தாங்காமல் அலறிவிட்டாள். நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். அவள் கை சில்லென்று இருந்தது.

"படம்?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு. முடிவு ரொம்ப நல்லா இருந்துச்சு, ரஸ். ரீவைண்ட் பண்ணிட்டேன்."

மேஜையில் இரண்டு கப் சூடான சாக்லேட் இருந்தது. இரண்டிலும் பாதி குடித்திருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ராத்திரி முழுக்க அவள் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்பே வீட்டில் எல்லா அறையும் தேடியிருந்தேன். யாரும் இல்லை. கதவை யாரும் தட்டவும் இல்லை.

மறுநாள் காலை கேசட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வெர்ன் இருந்தார். டிவியில் போட்டு வேகமாக ஓடவிட்டேன். சோபா. மிட்டாய்க் கிண்ணம். மூன்று பிள்ளைகள். ஒரு பிள்ளை. மூன்றாவது தட்டு. அவள் எழுந்திருக்கிறாள்...

அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. வெறும் புள்ளிகள். இரைச்சல். கேசட்டின் கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தோம். அங்கே எதுவும் பதிவாகவே இல்லை.

வெர்ன் டிவியை அணைத்தார்.

"உங்களுக்கும் தட்டிச்சா?" என்றேன்.

"தினமும்" என்றார். "பாத்த நாள்லேருந்து தினம் ராத்திரி. வீட்டுக்காரிக்குக் கேக்காது. எனக்கு மட்டும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அன்று மத்தியானம் டெல்மாவைக் கேட்டேன். ஓட்டிஸைக் கேட்டேன். பலகையில் பெயர் எழுதிய ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினார்கள். அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். எல்லார் வீட்டிலும் தட்டியிருக்கிறது. தினமும் மூன்று தட்டு. கதவின் கீழ்ப்பாதியில். தினமும் தட்டுகிறது என்பதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. படத்தை மட்டும் சொன்னார்கள். பார், கட்டாயம் பார் என்று.

"ஆனா நேத்து தட்டல, ரஸ்" என்றார் டெல்மா. முகம் கழுவி விட்ட மாதிரி தெளிவாக இருந்தது. "இத்தனை நாளுக்கப்புறம் நேத்துதான் நல்லா தூங்கினேன். யாரோ திறந்து விட்டுட்டாங்க போல."

யார் என்று அவர் கேட்கவில்லை. நான் பலகையைத் துடைத்துவிட்டு, மளிகை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் தட்டுவதற்கு முன்பே "வா, ரஸ்" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். சிரித்த முகம். நல்ல நிறம். இத்தனை வாரத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. மேஜையில் ஆவி பறக்க இரண்டு கப் இருந்தன.

மனசு லேசானது. பையை இறக்கி வைத்துவிட்டு ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன்.

"ஏய், அது உனக்கில்ல" என்று என் கையைத் தட்டிவிட்டாள். "இரு, உனக்கு ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்."